இரண்டு விரல்களுக்கு என்ன கணக்கு?

திருகோணமலை நகரை அண்டிய கரையோரக் கிராமம் ஒன்றிலிருந்து 43 வயதுத் தொழிலாளி ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் சொல்லச் சொல்ல எழுதியது மகள். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் கொடுக்கும் சிறிய ஆலை ஒன்றில் ஆறு ஆண்டுகளாக அவருக்கு வேலை. கட்டி ஐஸை உடைக்கும் இயந்திரத்தில் நிற்பதும் பெட்டிகளை லொறியில் ஏற்றுவதும்தான் தொழில். நாட்கூலி 2,000 ரூபாய். சோழகக் (தென்மேற்குக் காற்று) காலத்தில் படகுகள் நிறைந்தால் ஏற்றுகூலி தனி. மதியச் சாப்பாடு ஆலையில். மாலையில் வீட்டுக்குப் புறப்படும்போது கறிக்கு மீன் கொடுப்பார்கள். சம்பளச் சிட்டை இல்லை, சேமலாப நிதியும் இல்லை.

போன ஆகஸ்ட் 18 காலை இயந்திரத்தின் வாயில் ஐஸ் இறுகி நின்றது. வழமையாகத் தடியால் தள்ளுவார்கள். அன்று தடி முறிந்துவிட, கையால் தள்ளியிருக்கிறார். வலது கையின் சுட்டுவிரலும் நடுவிரலும் போய்விட்டன. பெருவிரல் இருக்கிறது, ஆனால் மடங்குவதில்லை. இயந்திரத்துக்கு முன்பு ஓர் இரும்பு மூடி இருந்ததாம். வேலை சுணங்குகிறது என்று அதை முதலாளியே இரண்டு வருடத்துக்கு முன் கழற்றுவித்தாராம். பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிச் சென்ற மேற்பார்வையாளர், வீட்டில் மரம் அரியும்போது வெட்டுப்பட்டதாக அங்கே சொல்லியிருக்கிறார்.

முதலாளி இதுவரை 75,000 ரூபாய் கொடுத்திருக்கிறார். இன்னும் ஒன்றரை இலட்சம் தருவதாகவும், முத்திரை ஒட்டிய கடிதத்தில் 'இனிக் கோரிக்கை எதுவுமில்லை' என்று ஒப்பமிட வேண்டும் என்றும் கேட்கிறார். அந்தக் கடிதத்தில் மாதச் சம்பளம் 30,000 என்று எழுதியிருக்கிறது. ஒப்பமிட்டால் இரவுக் காவலாளி வேலையும் உண்டாம். மறுத்தால், விபத்துக்கு முதல்நாள் இரவு குடித்ததை, நட்டஈட்டை விசாரித்துத் தீர்மானிக்கும் ஆணையாளரிடம் சொல்வாராம். இடையில் ஒரு தரகர், 'சட்டம் மாறிவிட்டது, எல்லாருக்கும் 20 இலட்சம், எனக்கு ஐந்தில் ஒன்று' என்கிறார். மகள் சென்னை வழக்கறிஞர் ஒருவரின் வீடியோவைப் பார்த்து, வயதை வைத்து வேறொரு கணக்கும் போட்டிருக்கிறார். கடைசி வரியில் இப்படிக் கேட்கிறார்: "ஐயா, என் கைக்கு யார் சொல்வது சரியான விலை?"

தம்பி,

உங்கள் கைக்கு விலை போடும் வேலையைச் சட்டம் யாரிடமும் கொடுக்கவில்லை. முதலாளியிடமும் இல்லை, தரகரிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. அது போடுவது மூன்று எண்களைக் கொண்ட ஒரு கணக்கு. உங்கள் மாதச் சம்பளம் என்ன, அந்தச் சம்பளத்துக்கு நேரே அட்டவணையில் என்ன தொகை இருக்கிறது, உங்கள் உழைக்கும் சக்தியில் எத்தனை சதவீதம் போய்விட்டது. நடுவிலுள்ள எண் அச்சிட்ட எண், அதில் யாரும் கை வைக்க முடியாது. முதலாளிகள் கை வைப்பது முதல் எண்ணிலும் கடைசி எண்ணிலும்தான். உங்கள் முதலாளி முதல் எண்ணில் வைத்துவிட்டார். அந்த 30,000 சும்மா எழுதப்பட்டதில்லை.

கணக்குக்குப் போகுமுன், உங்களைப் பயமுறுத்தும் சில விடயங்களைத் தள்ளிவைத்துவிடுவோம்.

உரிமை உண்டா என்ற பயம்

இலங்கையில் இதற்கான சட்டம் 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். சேமலாப நிதியில் பெயர் இருந்தால்தான் நட்டஈடு என்று அதில் எங்கும் இல்லை. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் வாய்ப்பேச்சில் இருந்தாலும், நாட்கூலியானாலும் செய்த அளவுக்குக் கூலியானாலும் நீங்கள் அந்தச் சட்டத்தின் கண்ணில் வேலையாள்தான். ஆறு ஆண்டாகச் சேமலாப நிதி கட்டவில்லை என்பது முதலாளியின் குற்றம். உங்கள் சம்பளத்தில் 8 சதவீதமும் அவர் பங்காக 12 சதவீதமும் சேமலாப நிதிக்கும், அதற்கு மேல் 3 சதவீதம் நம்பிக்கை நிதிக்கும் போயிருக்க வேண்டும். அதற்குத் தொழில் அலுவலகத்தில் தனியாக முறையிடலாம். அந்தப் பணம் வேறு, நட்டஈடு வேறு. ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதைக் கழிக்க முடியாது.

"என் பிழைதானே, கையை விட்டது நான்தானே" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வரியைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது, உங்கள் மேல் இல்லை. கவனக்குறைவு இந்தச் சட்டத்தில் தடையே அல்ல. வேலை காரணமாக, வேலை நேரத்தில், விபத்தினால் காயம் வந்ததா என்பதுதான் கேள்வி. முதலாளியின் பிழையை நீங்கள் நிரூபிக்கவும் வேண்டியதில்லை. தடைகள் மூன்றுதான். விபத்து நேரத்தில் மதுவின் அல்லது போதைப்பொருளின் பிடியில் இருந்து, அதனாலேயே விபத்து வந்திருந்தால் ஒன்று. பாதுகாப்புக்காகத் தெளிவாகப் போட்ட உத்தரவை வேண்டுமென்றே மீறியிருந்தால் இரண்டு. பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே நீங்களே அகற்றியிருந்தால் மூன்று. மூடியைக் கழற்றச் சொன்னது முதலாளி. கையால் தள்ளக் கூடாது என்று யாரும் எழுதியோ சொல்லியோ வைக்கவில்லை என்கிறீர்கள்.

மிஞ்சுவது முதல்நாள் இரவுக் குடி. இரவு குடித்தது காலை பத்து மணிக்கு நடந்த விபத்துக்குப் பதிலாகாது. அந்த நேரத்தில் நீங்கள் வெறியில் இருந்தீர்கள் என்றும் விபத்துக்கு அதுவே நேர்க் காரணம் என்றும் அவர்தான் காட்ட வேண்டும். வெறியில் இருந்த ஆளைக் காலை ஆறு மணியிலிருந்து இயந்திரத்தில் நிற்கவிட்டது ஏன் என்ற கேள்விக்கும் அவரே பதில் சொல்ல வேண்டிவரும். சொல்லட்டும். ஆனால் ஒன்று: விசாரணையில் கேட்டால் முதல்நாள் குடிக்கவே இல்லை என்று மறுக்காதீர்கள். சின்ன விடயத்தில் பொய் சொன்னவரின் பெரிய உண்மையும் எடுபடாமல் போவதைப் பார்த்திருக்கிறேன்.

முதல் எண்: சம்பளம்

நான் அதிக நேரம் எடுப்பது இங்கேதான். நீங்கள் வேலைக்குப் போன நாட்களையும் கூலியையும் உங்கள் மகள் குறித்துவந்த கொப்பி இங்கேதான் வேலை செய்யப்போகிறது.

மாதச் சம்பளம் என்று சட்டம் சொல்வது முதலாளி கடிதத்தில் எழுதும் ஏதோ ஓர் எண் அல்ல. அதைக் கணிக்க வழி சொல்லியிருக்கிறது. விபத்துக்கு முன் பன்னிரண்டு மாதம் இடைவிடாமல் அதே முதலாளியிடம் வேலை செய்திருந்தால், அந்தப் பன்னிரண்டு மாதச் சம்பளத்தைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுக்க வேண்டும். அப்படி இல்லையென்றால், கடைசியாக இடைவிடாமல் வேலை செய்த காலத்தின் மொத்தச் சம்பளத்தை எடுத்து, அந்தக் காலத்தின் நாட்களால் வகுத்து, முப்பதால் பெருக்க வேண்டும். 14 நாளுக்கு மேல் வேலைக்கு வராத இடைவெளி இருந்தால் தொடர்ச்சி அறுந்ததாகக் கொள்வார்கள்.

இப்போது கொப்பிக்கு வருகிறேன். டிசம்பரில் வாடைக்காற்றில் படகுகள் இறங்காததாலும் இயந்திரத் திருத்தத்தாலும் ஆலை மூன்று வாரத்துக்கு மேல் பூட்டியிருந்தது, ஜனவரி 10 இல் திறந்தது என்று பிள்ளை குறித்திருக்கிறார். இதை உங்களுக்குப் பாதகமான விடயமாக நினைத்து, சொல்லலாமா வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள். தொடர்ச்சி அங்கே அறுந்தது என்று கொண்டால், கணக்கு ஜனவரி 10 இலிருந்து விபத்துக்கு முதல்நாள் வரை, 220 நாட்களுக்கு ஓடும். வருடத்தின் நல்ல உழைப்பு முழுவதும் அதற்குள் வந்துவிடும், வருமானம் மெலிந்த மாரி மாதங்கள் வெளியே நின்றுவிடும். ஆலை பூட்டியதை 'வேலைக்கு வராமை' என்று கொள்ள முடியாது, ஆகவே பன்னிரண்டு மாதக் கணக்கே சரி என்று முதலாளி தரப்பு வாதாடக்கூடும். அதுவும் ஒரு வாதம்தான். எந்தப் பக்கம் போகும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் இரண்டு கணக்கையும் போட்டு, உங்களுக்கு நல்லதை முதலில் வைப்போம்.

சம்பளத்துக்குள் எவையெல்லாம் சேரும்? பணமாக மதிப்பிடக்கூடிய எந்தச் சலுகையும் சேரும். ஏற்றுகூலி சேரும். ஆலையில் போட்ட மதியச் சாப்பாடு சேரும். ஒவ்வொரு நாளும் ஒழுங்காகக் கொடுத்த மீனும் சேர வேண்டும் என்பது என் வாதமாக இருக்கும். நீங்கள் அதைச் சம்பளம் என்று நினைக்கவேயில்லை, "சும்மா கறிக்கு" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறு ஆண்டாக நாள் தவறாமல் வந்த மீன் சும்மா வந்ததில்லை. பஸ் காசு சேராது. முதலாளி கட்டும் சேமலாப நிதிப் பங்கும் சேராது, இங்கே அவர் கட்டவுமில்லை.

கொப்பியில் இருக்கும் எண்களைக் கூட்டிப் பார்த்தேன். அந்த 220 நாளில் வேலைக்குப் போனது 180 நாள். நாட்கூலி 360,000. ஏற்றுகூலி 112,000. சாப்பாட்டை நாளுக்கு 250 என்று குறைத்தே போட்டாலும் 45,000. மீனை நாளுக்கு 400 என்றால் 72,000. எல்லாம் 589,000. இதை 220 ஆல் வகுத்து முப்பதால் பெருக்கினால் மாதம் 80,318 ரூபாய். சாப்பாட்டையும் மீனையும் ஆணையாளர் ஏற்காவிட்டாலும் 64,363. வெறும் நாட்கூலியை மட்டும் எடுத்தால்கூட 49,090. எந்த வழியில் போனாலும் 30,000 வருவதில்லை. தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ஆனது, 2026 ஜனவரியில் 30,000 ஆனது. முதலாளியின் எண் அதை ஒட்டி எடுத்ததே தவிர, உங்கள் உழைப்பிலிருந்து எடுத்ததல்ல.

சிட்டை இல்லாதபோது ஒரு பள்ளிக்கூடக் கொப்பியை யார் நம்புவார்கள் என்பது உங்கள் கவலை. நான் அந்தக் கொப்பியைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். பங்குனியில் பத்திரகாளி அம்பாள் தேருக்கு 'அப்பா லீவு' என்று ஒரு நாள் வெறுமையாக இருக்கிறது. இன்னொரு நாளில் 'மழை, அரை நாள், 1,000' என்றிருக்கிறது. பேனை மாறுகிறது, மை மாறுகிறது. ஒரே இரவில் இருந்து எழுதிய கணக்கு இப்படி இருக்காது. ஐஸ் வாங்கிய படகுக்காரர் இரண்டு பேர், எந்த மாதத்தில் எத்தனை பெட்டி ஏற்றினீர்கள் என்று சொல்ல வந்தால் கொப்பி இன்னும் உறுதியாகும். உங்களுடன் வேலை செய்தவர்களைவிட அவர்கள் நல்ல சாட்சிகள். அவர்களுக்கு அந்த முதலாளியிடம் நாளைக்கு வேலை வேண்டியதில்லை.

இரண்டாவது எண்ணும், அந்த 20 இலட்சமும்

சட்டத்தின் நான்காம் அட்டவணை சம்பள வகுப்பு வாரியாக வரிசைப்படுத்தப்பட்டது. உங்கள் மாதச் சம்பளம் விழும் வரிசையில், மரணத்துக்கு என்ன, நிரந்தர முழு இயலாமைக்கு என்ன, தற்காலிக இயலாமைக்கு அரை மாதத்துக்கு என்ன என்று தொகைகள் இருக்கும். சம்பளம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பது இப்போது புரியும். வரிசை இறங்கினால் எல்லாம் இறங்கும்.

தரகர் சொன்னதில் ஒரு துண்டு உண்மை இருக்கிறது. 2022 ஆம் ஆண்டுத் திருத்தம் உச்சத் தொகையை ஐந்தரை இலட்சத்திலிருந்து 20 இலட்சமாக உயர்த்தியது. ஆனால் அது கூரை, தரை அல்ல. அதற்கு மேல் போக முடியாது என்பதுதான் பொருள். இரண்டு விரல் போனவருக்கு அந்த முழுத் தொகை கிடைக்காது. அப்படிச் சொல்லி உங்களிடம் ஐந்தில் ஒன்று கேட்பவர் உங்கள் ஆசையில் வட்டி வாங்குகிறார். நட்டஈட்டை இன்னொருவருக்குக் கைமாற்றி எழுதிக்கொடுக்கவோ கடனுக்காகப் பிடித்துக்கொள்ளவோ சட்டம் இடம் தருவதில்லை. அவரிடம் எந்தத் தாளிலும் ஒப்பமிடாதீர்கள்.

சென்னை வீடியோவைப் பற்றி: பிள்ளை கெட்டிக்காரி, கணக்குச் சரியாகவே போட்டிருக்கிறார், நாடுதான் மாறிவிட்டது. இந்தியாவின் 1923 ஆம் ஆண்டுச் சட்டமும் நம்முடையதும் ஒரே காலனித்துவத் தச்சன் செய்த இரண்டு கதிரைகள் போல இருக்கும். ஆனால் அங்கே பின்னாளில் வயதுக்கு ஒரு காரணி சேர்த்தார்கள். நம் அட்டவணை சம்பளத்தை வைத்து ஓடுகிறது. 43 வயது என்பதால் உங்கள் தொகை குறையாது.

மூன்றாவது எண்: சதவீதம்

முதலாம் அட்டவணையில் எந்த உறுப்பு போனால் எத்தனை சதவீதம் என்று எழுதியிருக்கிறது. பெருவிரலும் சுட்டுவிரலும் மற்ற விரல்களும் அதில் தனித்தனியாக வருகின்றன. உங்கள் இரண்டு விரல்களுக்கு அந்த எண்கள் நேரடியாகக் கிடைக்கும், அதில் வழக்கு இல்லை. ஒரே விபத்தில் பல காயங்கள் என்றால் சதவீதங்களைக் கூட்ட வேண்டும், கூட்டுத்தொகை முழு இயலாமைக்கான தொகையைத் தாண்டக் கூடாது.

கவனிக்க வேண்டியது பெருவிரல். அது உடலில் இருக்கிறது, ஆகவே முதலாளி தரப்பு அதைக் கணக்கில் எடுக்காது. உறுப்பின் பயன் முழுவதும் நிரந்தரமாகப் போய்விட்டால் உறுப்பே போனதற்குச் சமம். ஓரளவு போனால், அட்டவணையில் நேரடி எண் இல்லை. உழைக்கும் சக்தி எவ்வளவு குறைந்தது என்று மருத்துவர் மதிப்பிட வேண்டும். அந்த மதிப்பீடு ஐஸ் உடைக்கும் ஒரு வேலையை மட்டும் வைத்து இருக்கக் கூடாது. விபத்து நடந்தபோது நீங்கள் செய்யக்கூடியவராக இருந்த எல்லா வேலைகளையும் வைத்து இருக்க வேண்டும். நீங்கள் முன்பு கரைவலை இழுத்தவர், மேசன் வேலைக்குக் கையாளாகப் போனவர் என்று கடிதத்தில் ஓரிடத்தில் வருகிறது. பெருவிரல் மடங்காத, இரண்டு விரல் இல்லாத வலது கையால் கயிறு பிடிக்க முடியுமா, சாந்துச் சட்டி தூக்க முடியுமா? சட்ட வைத்திய அதிகாரியிடம் போகும்போது இதைச் சொல்லுங்கள். நம்மவர்கள் மருத்துவரின் முன் "பரவாயில்லை ஐயா, சமாளிக்கிறேன்" என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். அன்று ஒரு நாள் மட்டும் அந்த மரியாதையை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். ஒரு செம்பு தண்ணீரை வலது கையால் தூக்கிக் காட்டச் சொன்னால், முடிந்த அளவுக்கு மட்டும் தூக்குங்கள். நடிக்கவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம்.

காயம் ஆறி நிலைத்த பிறகுதான் இந்த மதிப்பீட்டுக்குப் பொருள் உண்டு. உங்களுக்கு ஏழு மாதம் ஆகிவிட்டது, கிளினிக்கில் இனிச் சத்திரசிகிச்சை இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். அப்படியானால் காலம் சரி. முதலாளி தன் செலவில் ஒரு மருத்துவரிடம் காட்டச் சொன்னாலும் போங்கள். காரணமின்றி மறுத்தால் உங்கள் உரிமையை அது வரை நிறுத்திவைக்கலாம்.

மூன்று எண்களும் சேர்வதை ஓர் உதாரணத்தில் காட்டுகிறேன். இதிலுள்ள தொகைகள் நான் விளக்கத்துக்காகப் போட்டவை, அட்டவணையின் எண்கள் அல்ல. ஒரு சம்பள வரிசையில் முழு இயலாமைக்கு 9 இலட்சம், அதற்கு மேல் ஒரு வரிசையில் 16 இலட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உழைக்கும் சக்தி இழப்பு 30 சதவீதம் என்றால் முதலாவதில் 270,000, இரண்டாவதில் 480,000. பெருவிரலும் கணக்கில் வந்து 45 சதவீதமானால் இரண்டாவது 720,000 ஆகும். கை ஒன்றுதான், விபத்து ஒன்றுதான். கொப்பி ஒன்றும் மருத்துவரின் முன் சொன்ன நாலு வார்த்தையும் நாலரை இலட்சத்தைக் கூட்டிக் குறைத்துவிடுகின்றன.

வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு அரை மாதத்துக்கு ஒரு தடவை கொடுக்க வேண்டிய தொகை ஒன்றும் இருக்கிறது. தற்காலிக இயலாமை நீடிக்கும் வரை, அதிகபட்சம் ஐந்து ஆண்டு வரை அதைக் கொடுக்க வேண்டும். உங்களுக்கு ஒரு தடவையும் வரவில்லை. விண்ணப்பத்தில் அதையும் எழுதுங்கள்.

அந்த 75,000, அந்தக் கடிதம், காவலாளி வேலை

நட்டஈடாகக் கொடுத்ததைக் கடைசித் தொகையில் கழிக்கலாம். வைத்தியச் செலவுக்கென்று கொடுத்தது நட்டஈடாகாது. 75,000 இல் மருந்துக்கும் போக்குவரத்துக்கும் எவ்வளவு போனது என்று பற்றுச்சீட்டுகளோடு பிரித்து எழுதிவையுங்கள்.

கடிதத்தில் ஒப்பமிட வேண்டாம். ஒப்பமிட்டுவிட்டால் எல்லாம் போய்விடும் என்றும் நினைக்க வேண்டாம். வேலையாள் தன் நட்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் உடன்படிக்கை இந்தச் சட்டத்தின் முன் செல்லாது. இரு தரப்பும் தொகையில் ஒத்துப்போவதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் அது ஆணையாளரிடம் பதிவாக வேண்டும். தொகை போதாது என்று அவருக்குப் பட்டால் பதிய மறுக்கலாம். முதலாளி உண்மையாகவே முடித்துக்கொள்ள விரும்பினால் அவரிடம் இதைச் சொல்லுங்கள்: "ஆணையாளரின் முன் வாருங்கள், அங்கே ஒப்பமிடுகிறேன்." வராவிட்டால் ஏன் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். அவர் வேலையாட்களுக்குக் காப்புறுதி எடுத்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். எடுத்திருந்தால் காப்புறுதிக் கம்பனி கொடுக்க வேண்டிய பணத்துக்கு அவர் ஏன் உங்களோடு மல்லுக்கு நிற்கிறார் என்பது எனக்கு விளங்காத விடயம்.

காவலாளி வேலை விருப்பமானால் எடுங்கள். வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். அந்த வேலை கிடைத்ததால் நட்டஈடு இல்லாமல் போகாது. அட்டவணையிலுள்ள காயங்களுக்கு, நீங்கள் நாளைக்கே வேறு வேலைக்குப் போனாலும் உழைக்கும் சக்தி அந்தச் சதவீதம் குறைந்ததாகவே சட்டம் கொள்கிறது. ஆனால் அந்த வேலையையும் கடிதத்தையும் ஒரே கட்டாகக் கட்டி நீட்டினால், வேலையை மட்டும் அவிழ்த்து எடுக்க முடிகிறதா என்று பாருங்கள்.

மாவட்ட நீதிமன்றம் என்ற மற்றப் பாதை

மூடியைக் கழற்றியது முதலாளி என்பதால் உங்களுக்கு இன்னொரு கதவும் இருக்கிறது. ஆபத்தான இயந்திரப் பாகங்களை மறைத்துவைக்கும் கடமையை 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் முதலாளியின் மேல் வைத்திருக்கிறது. அவருடைய கவனயீனத்துக்காக மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்கு வைக்கலாம். அங்கே 20 இலட்சம் என்ற கூரை இல்லை. வலி, வேதனை, எதிர்கால வருமான இழப்பு எல்லாம் கேட்கலாம். ஆனால் அங்கே முதலாளியின் பிழையை நீங்கள் நிரூபிக்க வேண்டும். கையை விட்டதில் உங்கள் பங்கு எவ்வளவு என்றும் நிறுத்துப் பார்ப்பார்கள், அதற்கேற்பத் தொகை குறையும். செலவு உண்டு. காலம் எடுக்கும், எடுக்கும் என்றால் மாதங்களில் அல்ல. விபத்திலிருந்து இரண்டு ஆண்டுக்குள் அந்த வழக்கை வைத்துவிடவும் வேண்டும்.

இரண்டு இடத்திலும் வாங்க முடியாது. ஒரு கதவால் போனால் மற்றது மூடிவிடும். மகளுக்கு அடுத்த வருடம் உயர்தரப் பரீட்சை, மனைவி தையலில் கொண்டுவருவதுதான் இப்போதைய வருமானம் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தால் ஆணையாளரிடமே போவேன். காணி, சேமிப்பு என்று தாங்கிக்கொள்ள ஏதாவது இருந்திருந்தால் வேறு மாதிரிச் சொல்லியிருப்பேன்.

'வீட்டில் மரம் அரிந்தார்'

மேற்பார்வையாளர் சொன்ன அந்தப் பொய்தான் இந்த வழக்கில் எனக்கிருக்கும் ஒரே உண்மையான கவலை. நோய் நிர்ணய அட்டையிலும் விடுதிக் குறிப்பிலும் அது ஏறியிருந்தால், விபத்து வேலைத்தலத்தில் நடக்கவே இல்லை என்று சொல்ல அவர்களுக்கு ஒரு தாள் கிடைத்துவிட்டது. அதை உடைக்க வழி இருக்கிறது. அன்று உங்களை ஏற்றிப்போன முச்சக்கரவண்டிக்காரர் ஆலை வாசலிலிருந்துதான் ஏற்றினார். ஆலைத் தரையின் இரத்தத்தை உங்கள் நண்பர் கைபேசியில் எடுத்த படத்தில் நேரமும் திகதியும் இருக்கும். அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லாதீர்கள், எடுத்த கைபேசியிலேயே அழிக்காமல் வைக்கச் சொல்லுங்கள். மயக்கத்திலும் வலியிலும் இருந்ததால் அந்தக் கூற்றைச் சொன்னது நீங்களல்ல என்று ஒரு சத்தியக்கடதாசி முடித்துவிடுங்கள். மூன்று நாளுக்கு மேல் வேலைக்குப் போக முடியாமல் செய்த விபத்தைத் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு முதலாளி அறிவித்திருக்க வேண்டும். அறிவிக்கவில்லை என்றால் அதையும் தொழில் அலுவலகத்தில் எழுத்தில் முறையிடுங்கள்.

காலம் கடந்துவிட்டதோ என்று பதற வேண்டாம், ஏழு மாதத்தில் எதுவும் பூட்டப்படவில்லை. முறையான அறிவித்தல் கொடுக்காதது ஒரு குறை என்பார்கள். முதலாளிக்கு விபத்து அன்றே தெரியும் என்பதற்கு அவர் கொடுத்த 75,000 போதும். ஆனாலும் இன்னொரு சோழகம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

வேலையாளர் நட்டஈட்டு ஆணையாளரின் அலுவலகம் கொழும்பில் இருக்கிறது. விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பலாம், தமிழிலேயே எழுதலாம். கட்டணம் கொடுத்துச் சட்டத்தரணி வைக்க முடியாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை நிலையத்துக்குப் போங்கள். அங்கே வருமானத்தைக் கேட்பார்கள், கிராம அலுவலரின் கடிதம் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். தீர்ப்பு வந்தபின் முதலாளி கொடுக்காமல் இழுத்தால் நீதவான் நீதிமன்றம் ஊடாக அறவிட வழி இருக்கிறது.

பிள்ளைக்கு ஒரு வேலை. அந்தக் கொப்பியின் ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோப் பிரதி எடுத்து, பிரதியை மட்டும் விண்ணப்பத்தோடு வையுங்கள். மூலக் கொப்பியை யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம், என்னிடமும் வேண்டாம். ஆணையாளர் கேட்கும் நாளில் அப்பாவோடு நீங்களே கொண்டுபோய்க் காட்டுங்கள். மங்கிப்போன எண்களுக்கு மேல் பேனையால் திரும்ப எழுதி அழகாக்க நினைத்திருந்தால், தயவுசெய்து அதைச் செய்துவிடாதீர்கள்.